தூங்க வைக்கிற பரீட்சை

பாலர் பள்ளி டீச்சருக்கான பட்டப்படிப்புல அவளுக்கு அன்னைக்குக் கடைசி செய்முறைப் பரீட்சை. மத்தியானம் பன்னெண்டு பிள்ளைங்களைத் தூங்க வைக்கணும். இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் படிக்கணும்.

பயந்துபோய் அக்காவுக்கு ஃபோன் போட்டு, குசுகுசுன்னு பேசினா.

"அக்கா, அரை மணி நேரமா தாலாட்டு பாடுறேன். இந்த ரூம்ல ஒரே ஒரு ஆள்தான் தூங்கியிருக்கு. மத்ததெல்லாம் மெத்தை மேல குதிக்குதுங்க."

"உன் குரலுக்கு ஒண்ணு தூங்குனதே பெருசுடி."

"அதுவும் குறட்டை விட்டு! வாயெல்லாம் எச்சில்."

"பாவம், போர்வை போத்தி விடு. ஆமா, பரீட்சை நடுவுல ஃபோன் பேசுறியே, மார்க் போடுற மேடம் திட்ட மாட்டாங்களா?"

"அவங்கதான்க்கா குறட்டை."

அக்கா சிரிச்ச சிரிப்பு ரூம் முழுக்கக் கேட்டுச்சு. மேடம் அசைஞ்சாங்க. அதைப் பாத்ததும் பன்னெண்டும் சொல்லிவச்ச மாதிரி படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கிச்சுங்க.

மேடம் வாயைத் துடைச்சுக்கிட்டே சுத்திப் பாத்தாங்க. "பரவாயில்லையே, ஒண்ணுகூட முழிச்சிருக்கல!" பாஸ்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க.

அவளுக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. கீழ படுத்திருந்த ஒரு வாண்டு ஒத்தைக் கண்ணைத் திறந்து அவ துணியைப் புடிச்சு இழுத்துச்சு.

"டீச்சர், மறுபடியும் பாடுங்க. அவங்க தூங்கினாத்தான் நாங்க விளையாட முடியும்."