கொழும்புக்கு இறங்க நாலு டயர்

"இதுவும் வேணாம்," என்று ஆறாவது டயரையும் காலால் தள்ளிவிட்டார் செல்லசாமி.

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு டயர் கடைக்கு முன்னால் அவருடைய கெப் வண்டி நின்றது. மரக்கறி மூட்டை ஏற்றும் பின்தட்டில் இன்று ஒரே ஒரு நீலப் பெட்டி. அது அவருடைய மகள் சுலக்ஷனாவுடையது.

இன்றிரவு அவள் வேலைக்காகக் குவைத்துக்குப் பறக்க வேண்டும். பிற்பகல் மூன்றரை மணிக்கு ஏஜென்சிக்காரர் டிக்கெட்டோடு கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் நிற்பார். ஐந்து மணி நேர ஓட்டம். இப்போதே மணி ஒன்பதே முக்கால்.

"இதுக்கு என்னங்கப்பா குறை?"

"ரீபில்ட் டயரும்மா. பழசு மேல புதுத் தோல் ஒட்டினது. கினிகத்தேனை எறக்கத்துல சூடேறினா உரிச்சுக்கிட்டு வந்துரும்."

அவளால் மறுக்க முடியவில்லை. விடியற்காலையில் டீசல் அடித்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியவர், அவளைக் கூப்பிட்டுச் சக்கரங்களைக் காட்டியிருந்தார். நாலு டயரும் சவரம் செய்த கன்னம் மாதிரி மழமழவென்று இருந்தன. அந்த டயர்களோடு கொழும்புக்கு இறங்குவது தற்கொலை என்று அவளுக்கே தெரிந்தது.

"நேத்துக்கூட நுவரெலியாவுக்கு லோடு போனீங்களே. அப்பவே பாத்திருக்கலாமில்ல?"

"ஓடுற வண்டிய யாரு குனிஞ்சு பாக்குறா?"

இரண்டு வருடம் போய் வந்தால் லயத்துக் காம்பராவை விட்டு ஒரு சொந்த வீட்டுக்குப் போய்விடலாம். அதுதான் அவள் கணக்கு. அம்மா குவைத்தில் இருந்த ஆறு வருடமும் அந்த நாட்டின் பெயரைக்கூட வாயில் எடுக்காத அப்பா, இந்த முறை ஏஜென்சித் தாளில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சுலக்ஷனா தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். "அந்தக் கடைக்குப் போவோம்."

"அங்க வேணாம் புள்ள. அவங்ககிட்ட ஒன்னும் இருக்காது."

"வாசல் வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. கண்ணு தெரியலையா? வாங்கப்பா!"

அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய கடை முதலாளி மேர்வின், சுறுசுறுப்பாக டயர்களை உருட்டிப் போட்டார். செல்லசாமி கடையின் உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

நேர்கோடு போட்ட டயர் மழையில் வழுக்குமாம். கட்டை கட்டையாய் வெட்டியது தோட்டத்து ரோட்டுக்குத்தான் சரியாம். மூன்றாவதை மோந்து பார்த்தார், நாலாவதை நகத்தால் கீறினார். ஐந்தாவதில் அச்சடித்திருந்த வருடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே," என்றார் மேர்வின், "டயர் பாக்குறீங்களா, மாப்பிள்ள பாக்குறீங்களா?"

"மாப்பிள்ளன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம் தம்பி. டயர் அப்படி இல்ல. எம்புள்ளைய ஏத்திட்டுப் போறேன்."

மணி பதினொன்று. சுலக்ஷனா ஓடிப்போய்ப் பின்தட்டிலிருந்து பெட்டியை இழுத்தாள். "நான் பஸ்ஸுல போறேன்."

செல்லசாமி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "இதத் தூக்கிட்டு கொழும்பு வரைக்கும் நின்னுக்கிட்டே போவியா? நிறுத்தி நிறுத்திப் போயி பொழுதாக்கிருவான். பத்து நிமிசம் பொறு. அப்பா பறக்க விடுறேன் பாரு."

கடைசியில், முதலில் வேண்டாமென்று ஒதுக்கிய நேர்கோட்டு டயரையே காட்டினார். "சரி, இதுல நாலு."

"மாட்டுற ஆள் கொட்டகலைக்குப் போயிருக்கான். ஒரு லொறி பங்சராம்," என்றார் மேர்வின். "இந்தா வந்துருவான்."

செல்லசாமி சட்டென்று எழுந்தார். "அப்ப வேற கடைக்குப் போவோம்."

"இன்னொரு கடையா?" சுலக்ஷனா பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்!"

பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. அவள் எழுந்து தெருவரை நடந்தாள், திரும்பினாள், போனைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். அப்பாவும் நிலைகொள்ளாமல் கொட்டகலை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓட்டோ திரும்பும்போதும் அவர் முகம் வெளிறியது. பாவம், தன்னைவிட அவருக்குத்தான் பதற்றம் என்று அவள் நினைத்தாள்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர்.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"ஹட்டன்லதாங்க இருக்கோம். டயர்..."

"இன்னும் ஹட்டனா? இனி வராதீங்க. பக்கத்துல இன்னொரு புள்ள தயாரா இருக்கு, அத ஏத்துறேன்."

போன் வெட்டுப்பட்டது. சுலக்ஷனா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். ஆறு மாத அலைச்சல் ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது.

தலை நிமிர்ந்தபோது அப்பாவின் கண்ணிலும் தண்ணீர். அவளுக்குத் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்தாள்.

"அழாதீங்கப்பா. உங்கமேல எனக்குக் கோவமே இல்ல. டயர் தேஞ்சு போச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் அவள் தலையில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. கையெல்லாம் கிறீஸோடு இறங்கிய டயர் மாட்டும் மூக்கன், மேர்வின் காட்டிய கெப் வண்டியைப் பார்த்தான். உருட்டி வைத்திருந்த புது டயர்களைப் பார்த்தான். பிறகு செல்லசாமியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, விடியக்காலம் நீங்க கழட்டித் தந்துட்டுப் போன நல்ல டயர் நாலும் உள்ள பத்திரமா இருக்கு, அதையே மாட்டிறவா?"