பக்கத்து வீட்டுச் சோதனை

"ஏன்டி பூவாயி, ஒன் வீட்டுக்கு மட்டும் மூணு தரம் வந்துட்டாரு! எங்க வீடு என்ன மாட்டுப்பட்டியா?" லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று கத்தினாள் மருதாயி.

"பொலிஸ் வந்து சோதன போடுறதுக்குமா பொறாம? வேணும்னா நீயே கூப்புட்டுக்க!" என்றாள் பக்கத்து வீட்டுப் பூவாயி.

கசிப்புச் சாராயமும் வெட்டுக்குத்தும் பெருகிப்போய், அவசரகாலச் சட்டத்தின் கீழ் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சோதனை நடந்துகொண்டிருந்த நேரம். இன்ஸ்பெக்டர் கல்யாணமாகாத பதுளைத் தமிழர். இரண்டு வீட்டிலும் கல்யாண வயதில் மகள்கள். பூவாயி வீட்டில் அவர் தேடியதைவிடத் தேத்தண்ணி குடித்ததுதான் அதிகம்.

அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு கையெழுத்தில்லாத ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. மருதாயி வீட்டில் கசிப்பு இருக்கிறதாம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மருதாயி மகள் புதுச்சேலையில் பலகாரத் தட்டோடு நின்றாள். அவர் தட்டைத் தொடவில்லை. விறகுக்கு அடியிலிருந்து இரண்டு கேன் கசிப்பை இழுத்துப் போட்டு, மருதாயி புருஷனை ஜீப்பில் ஏற்றினார்.

பெட்டிசம் போட்டது பூவாயிதான் என்று லயமே திட்டியது. மருதாயி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எப்படித் திறப்பாள்? அவள் சொல்லச் சொல்ல அந்தப் பெட்டிசத்தை எழுதிக்கொடுத்ததே நான்தான். அவள் புருஷன் நிஜமாகவே கேன் வைத்திருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.

தை மாதம் பூவாயி மகள் இன்ஸ்பெக்டரைக் கட்டிக்கொண்டு பதுளைக்குப் போய்விட்டாள்.