எதிர் வீட்டுக் கோணி

"ராஜம், மேல் தாழ்ப்பாளையும் போடு."

திருவேங்கடம் கதவுத் துளையை விட்டு நகர்ந்தார்.

"என்னன்னா ஆச்சு?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"எதிர் வீட்டு பரீத் ஒரு கோணியைத் தூக்கிண்டு மாடியேறினான். கிழிசல் வழியா ஒண்ணு நழுவிப் படியில விழுந்தது. கத்தி. உள்ளே இன்னும் பத்தாவது இருக்கும்."

எண்பத்து நாலு, மே மாதம். பம்பாயில் கலவரம் தொடங்கி நாலாவது நாள். பால், காய்கறி வாங்கிக்கொள்ள மாலையில் மட்டும் இரண்டு மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். மாஹிமில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஷேக் பரீத் வீடு ஒன்றுதான் முஸ்லிம் வீடு.

"தாராவியில தோல் பைப் பட்டறை வச்சிருக்கார். தோல் வெட்டற கத்தியா இருக்கும்" என்றாள் ராஜலக்ஷ்மி.

"நாலு வருஷமா பட்டறையில இருந்த கத்தி இன்னிக்கு எதுக்கு வீட்டுக்கு வரது?"

ராஜலக்ஷ்மி மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளறையில் இரண்டு பெண் குழந்தைகளும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

திருவேங்கடம் கெட்டவர் இல்லை. ரம்ஜானுக்கு பரீத்தின் மனைவி நஸீரா அனுப்பும் பழங்களை வாங்கிக்கொள்வார். தீபாவளிக்குத் தேன்குழல் அனுப்புவார். ஆனால் பயம் பிடித்துக்கொண்டால் மனுஷனுக்குத் தேன்குழலா ஞாபகம் வரும்?

போனை எடுத்துப் போலீஸுக்கு நூறைச் சுழற்றினார். லைன் ஒரே கரகரப்பு. கட்டடத்தின் பெயர், இரண்டாவது மாடி, பரீத், கத்திகள் என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அரை மணியில் வருகிறோம் என்றார்கள்.

ரிசீவரை வைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கதவு தட்டும் சத்தம்.

"சார், நாந்தான் பரீத். கொஞ்சம் கதவத் தொறங்க."

ராஜலக்ஷ்மி உள்ளறைக்கு ஓடிக் குழந்தைகளை அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சார். ஒத்தையிலதான் வந்திருக்கேன்."

சங்கிலியை மாட்டியபடியே திருவேங்கடம் கதவை நாலு விரல் திறந்தார். வாசலில் கோணி. அதை விட்டு இரண்டடி தள்ளி, வெறுங்கையுடன் பரீத்.

"தோல் வெட்டுற கத்திங்க சார். நேத்து எவனோ பட்டறைப் பூட்ட ஒடைக்கப் பாத்திருக்கான். இது அவனுவ கையில சிக்குனா யாரு வயித்துல பாயுமோ. அதான் எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன். ஊரு அடங்குற வரைக்கும் உங்க வீட்ல கெடக்கட்டும்."

"எங்காத்துலயா?"

"ஆமா சார்."

முடியாது என்று சொல்ல திருவேங்கடத்துக்கு வாய் வரவில்லை. அரை மணியில் யார் வரப்போகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். சங்கிலியைக் கழற்றி, கோணியை உள்ளே இழுத்துச் சோபா ஓரம் வைத்தார். பரீத் தன் வீட்டுக்குத் திரும்பினார்.

"போலீஸ் வந்து கேட்டா என்னன்னா சொல்லப் போறேள்?" என்றாள் ராஜலக்ஷ்மி.

அதற்குள் படியில் பூட்ஸ் சத்தம்.

முதலில் எதிர் வீட்டுக்குத்தான் போனார்கள். இரும்புப் பெட்டி கவிழும் சத்தம். பாத்திரங்கள் உருளும் சத்தம். நஸீராவின் அழுகை. திருவேங்கடம் காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் வந்தார்.

"போன் கிஸ்னே கியா?" போன் பண்ணியது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்று திருவேங்கடம் இந்தியில் சொன்னார். "தப்பாப் பார்த்துட்டேன் சாஹப். பயத்துல பண்ணிட்டேன்."

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். காலை நீட்டியபோது பூட்ஸ் கோணியில் இடித்து இரும்பு கிணுங்கியது. திருவேங்கடம் அவசரமாகத் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். திருவேங்கடத்தின் நெற்றி நாமத்தைப் பார்த்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "டர்னா மத்", பயப்படாதே என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜீப் கிளம்பிப் போவதைத் திருவேங்கடம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். இதே கோணி எதிர் வீட்டில் இருந்திருந்தால் பரீத் இப்போது அந்த ஜீப்பில் போய்க்கொண்டிருப்பார். தோல் வெட்டுகிற கத்தி என்று அவர் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? திருவேங்கடமே நம்பவில்லையே.

எழுந்து எதிர் வீட்டுக்குப் போனார். தலையணைகளையெல்லாம் கிழித்துப் போட்டிருந்தார்கள். பரீத் தரையில் உட்கார்ந்து பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், போன் பண்ணினது நான்தான்."

"தெரியும் சார். நீங்க பேசுனது இங்க கேட்டுச்சு. அதுக்கப்புறந்தானே கோணியத் தூக்கிட்டு வந்தேன்."

திருவேங்கடத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தெரிஞ்சுமா என்கிட்ட கொடுத்தீங்க? நான் காட்டிக் கொடுத்திருந்தா? கீழ் வீட்ல யார்கிட்டயாவது கொடுத்திருக்கலாமே."

பரீத் தலை நிமிரவில்லை. பஞ்சை உறைக்குள் திணித்தபடியே சொன்னார்.

"ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு உங்க எடத்துல இருந்தா, எதிர் வீட்ல கத்தி இருக்குன்னா எனக்குந்தான் சார் தூக்கம் வராது. கீழ் வீட்ல குடுத்தா உங்க பயம் போகுமா?"