கடைசியாகக் கிளம்புகிறவர்

அரியலூர்க் கல்லூரி ஒன்றின் கணினிக் கூடத்துக்குத் தனக்கோடி சார் அமைத்துக் கொடுத்த லினக்ஸ் சர்வரை, உடன் வேலை பார்த்த ருமைசா மெச்சாத நாளில்லை. யாருக்கு இன்டர்நெட் திறக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒவ்வொரு மாணவரின் கணக்கிலும் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். ஒரே ஒரு போன் லைனில் மொத்தக் கல்லூரியும் சண்டையில்லாமல் ஓடியது. எல்லோரும் தங்கள் கணக்கிலிருந்து வெளியேறிக் கிளம்பிய பிறகுதான் அவர் தன் கணக்கிலிருந்து வெளியேறுவார். "புள்ளைங்க போவட்டுங்க, அப்பறம் நான் வரேன்" என்பார்.

சித்திரையில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

ஆடியில் ஒரு சாயங்காலம் முதல்வர், "சார் கணக்க எடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ருமைசா மனசில்லாமல் கணக்கை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். சர்வர் மறுத்தது: இந்தப் பயனர் இப்போது உள்ளே இருக்கிறார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் வேறு யாருமில்லை. மற்ற கணினிகள் எல்லாம் அணைந்திருந்தன. மூலையில் சாருடைய கணினியில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. சார் போன பிறகு அதன் கரண்ட் ஒயரை அவளேதான் பிடுங்கிச் சுற்றி மேசைமேல் வைத்திருந்தாள். வைத்தபடியே இருந்தது.

பயத்துக்கு முன்னால் மரியாதைதான் வந்தது. இன்னும் கிளம்பாதது அவள் ஒருத்திதான்.

"நான் கெளம்புறேன் சார்" என்று சொல்லித் தன் கணக்கிலிருந்து வெளியேறினாள்.

அதன் பிறகுதான் பச்சை விளக்கு அணைந்தது.