கொய்யாக்காய் நறுக்கிய நாள்

குழந்தை அழும்போதெல்லாம் நெஞ்சின் நடுவில் இதயம் எம்பி எம்பி வெளியே வரப் பார்த்தது.

மேலே வெறும் தோல். எலும்பு இல்லை.

பெற்றவள் அவன் சட்டையை இழுத்து மூடப் போனாள். டாக்டரம்மா கையை விலக்கிவிட்டார்.

நெஞ்செலும்பு இரண்டு பாதியாக உருவாகி நடுவில் சேரும். இவனுக்குச் சேரவில்லை. எலும்பு வளைகிற வயசு, இப்போதே இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடலாம். வளர்ந்துவிட்டால் கஷ்டம்.

படம் போட்டுக் காட்டினார். அவளுக்கு எல்லாம் புரிந்தது. எம்.எஸ்சி. இயற்பியல். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

கேட்கத்தான் வேண்டும். பிள்ளை பிறந்ததிலிருந்து தொண்டையில் நிற்கிறது.

"கிரகணத்தன்னிக்குக் கத்தி எடுத்து நறுக்கினா... இப்படிப் பிளந்து பிறக்குமா மேடம்?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவளுக்கும் இவள் வயசுதான் இருக்கும்.

காது சுட்டது.

கிரகணத்தன்றைக்கு அவளுக்கு ஐந்தாம் மாசம். மொட்டைமாடி. "உள்ள வந்துரு சாமி" என்று மாமியார் கெஞ்சக் கெஞ்ச, வேண்டுமென்றே கொய்யாக்காயை நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றாள்.

"சூரியனுக்குக் குறுக்க நிலா வந்தா எம் பிள்ளைக்கு என்ன? பட்டிக்காடு."

இப்படித்தான் சொன்னாள். முகத்துக்கு நேரே.

பிள்ளை இப்படிப் பிறந்த பிறகும் மாமியார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெற்ற மகனிடம்கூடச் சொல்லவில்லை.

"நான் கேக்கல மேடம்," என்றாள் அவசரமாக. "எங்க அத்தைதான் கேக்கச் சொன்னாங்க."

மாமியார் கதவோரம்தான் நின்றிருந்தாள், தோளில் குழந்தையின் துண்டோடு.



"ஆமாங்கம்மா. நாந்தான் கேக்கச் சொன்னனுங்க."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியே பேசிப் பேசித்தான் பெத்தவளைச் சாகடிக்கறீங்க. கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வீட்டுலயே படிச்ச மருமக இருக்கால்ல? சந்தேகம்னா அவளைக் கேளுங்க."

"கேட்டுக்கறனுங்க."

மாமியார் டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். இவள் பக்கம் திரும்பவே இல்லை.