நாரே திரும்புகிறாள்
தென்கொரியாவின் தேகு நகரச் சிகிச்சை அறையில் மாலை வெயில் நீல மெத்தையின் பாதிவரை வந்து கிடக்கிறது. அதில் படுத்திருக்கும் நான்கு மாதக் குழந்தை நாரேவுக்குக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது; எப்போதும் வலப்பக்கமே பார்க்கிறாள். சிகிச்சை தரும் ஓக், அவள் தலையை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல இடப்பக்கம் திருப்புகிறாள். "நாரே அம்மா, தோள அசையாம புடிச்சுக்குங்க. அழுவா. புடிச்சு வச்சிருக்கோம்ங்கிற கோவம்தான்." தாய் ஹேஜின், மகளின் தோள்களை மெத்தையோடு அழுத்துகிறாள். நாரே அலறிக்கொண்டே அம்மாவைத் தேடுகிறாள். மேலே குனிந்திருக்கும் முகத்தைக் கண்டதும் அழுகை ஒரு கணம் நிற்கிறது. பிறகு, அழுத்துவது யார் கை என்று புரிந்துவிட்டதுபோல், முன்னைவிடப் பெரிதாக வெடிக்கிறது. "அம்மாதான்டி, அம்மாதான்," என்கிறாள் ஹேஜின். அந்த அலறலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓக் கையை எடுக்கிறாள். "போதும், தூக்கிக்குங்க." குழந்தையின் வலப்பக்கம் நிற்கும் ஹேஜின் இரு கைகளையும் நீட்டுகிறாள். கண்ணீர் காயாத நாரே அவளை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு, யாரும் தொடாமலே, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஓக் கைதட்டிச் சிரிக்கிறாள். "பாத்தீங்களா, தானாவே திரும்பிட்டா. இன்னிக்கு வீட்ல பொறந்தநாள் மாதிரி கடற்பாசி சூப் வச்சுக் கொண்டாடுங்க." நீட்டிய கைகளை மடக்கத் தோன்றாமல் நிற்கிறாள் ஹேஜின்.