தார்ப்பாய்க்கு அடியில்

லவோன் ஹாகனுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பூனை குட்டி போட்டதில்லை. சமையலறை ஜன்னல்தான் அவளுக்குத் தொலைக்காட்சி, செய்தித்தாள் எல்லாம். முன்பாவது அவர்கள் கொல்லையில் நின்ற பெரிய மரம் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதப் புயலில் அது சாய்ந்த பிறகு, பக்கத்து வீட்டு டுவேனின் கராஜ் உள்ளங்கை நெல்லிக்கனியாகிவிட்டது.

அவள் கணவன் வெர்லின் அப்போது முழங்கால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீடு திரும்பியபோது மரமும் இல்லை, மனைவிக்கு வேறு வேலையும் இல்லை.

புதன்கிழமை மாலை. மறுநாள் இருவரும் லூன் ஏரிக்குக் கிளம்புகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு வழக்கமாகப் போவதுதான். அங்கே முன்பதிவெல்லாம் கிடையாது. முதலில் கூடாரம் அடித்தவனுக்கே இடம். ஏழாம் எண் இடம் மட்டும் தண்ணீரை ஒட்டியது. நாற்காலியில் சாய்ந்தபடியே தூண்டில் போடலாம். வருஷா வருஷம் அங்கே டுவேன்தான் கால் நீட்டிக் கிடப்பான். இவர்களுக்கு மேட்டின் மேல், கழிப்பறைக்குப் பக்கத்து இடம்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு அந்தச் சரிவுல இறங்க முடியாது, லவோன்," என்றான் வெர்லின் காப்பியை உறிஞ்சியபடி. "இந்த வருஷம் மீன் பிடிச்ச மாதிரிதான். டுவேன் விடியறதுக்குள்ள கெளம்பிடுவான்."

"கெளம்பறது பெரிசில்ல. போய்ச் சேரணும்ல," என்றவள், சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். "உஷ்!"

பக்கத்துக் கராஜில் டுவேனும் அவன் தம்பி கோர்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் துண்டு போட்டாச்சாண்ணே?"

"ஆச்சு. வண்டியில அடியில போட்டு, தார்ப்பாயை இழுத்து மூடு. அதுக்கு மேல கூடாரம், ஐஸ் பெட்டி. வெளிய துளிகூடத் தெரியக் கூடாது."

"வழியில எவனாவது மடக்கினா?"

"சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டு. எல்லை தாண்டிட்டா யாரு கேக்கப்போறா? எரிச்சு முடிச்சப்புறம் சாம்பல்கிட்டயா விசாரிப்பானுங்க?"

லவோன் மெதுவாகத் திரும்பினாள். "பெவ்வைப் பாத்து ஒரு வாரமாச்சு."

பெவ், டுவேனின் மனைவி.

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு டுவேன் சொன்னானே?"

"சொன்னான். போனதை நான் பாத்தேனா?"

லவோன் பார்க்காமல் ஒருத்தி தெருவைத் தாண்டுவதா? வெர்லின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். புதுப் படகு வாங்கிய விஷயத்தில் பெவ் தட்டு எறிந்த சத்தம் போன மாதம் அவன் காதிலும் விழுந்ததுதான். ஆனாலும் டுவேனா? குளிர்காலத்தில் கேட்காமலே இவர்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவன்!

"அம்மா தாயே, போலீசு கீலீசுன்னு போயிடாதே. தப்பாப் போச்சுன்னா சர்ச் விருந்துல ஒருத்தன் நம்ம பக்கத்துல உக்கார மாட்டான்."

"சரி, இப்பப் பண்ணல," என்று சொல்லிவிட்டு, ஏரிக்கு எடுத்துப்போகும் சாக்லேட் கேக்கை ஓவனுக்குள் தள்ளினாள்.

வியாழன் விடியலில் டுவேனின் பிக்கப் வண்டி தெருமுனை திரும்பியதும் லவோன் போனை எடுத்தாள். ஷெரீப் அலுவலகத்திடம் ஊகம் எதுவும் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடி, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தாள். பெவ்வைக் காணாததையும், வண்டி எண்ணையும் சேர்த்துக்கொண்டாள்.

"நானா எதுவும் சொல்லலப்பா. காதுல விழுந்தது. அவ்வளவுதான்."

பிறகு கிளம்பிய இவர்கள் இருவருக்கும் மாவட்ட எல்லைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி கிடைத்தது. முன்னே ஒரு போலீஸ் கார், பின்னே ஒன்று, நடுவில் டுவேனின் வண்டி. கூடாரமும் ஐஸ் பெட்டியும் புல்லில் கிடந்தன. டுவேன் கைகளைத் தூக்கியபடி நின்றான். ஒரு துணை ஷெரீப் தார்ப்பாயின் நுனியைப் பிடித்திருந்தார்.

வெர்லின் பிரேக்கில் கால் வைத்தான்.

"போலீஸ்காரங்க வேலையில நாம மூக்கை நுழைக்கக் கூடாது. ஓட்டு மனுஷா," என்றாள் லவோன், வாழ்நாளிலேயே முதல் முறையாக.

ஏரியை நெருங்கும்போது துணை ஷெரீப்பே போனில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு. பெவ் தன் அக்கா வீட்டில் சௌக்கியம், பேசிவிட்டார்களாம். தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது விறகாம். ஆனால் அதையும் சும்மா விட முடியாது. மரத்தைத் துளைக்கும் பூச்சி பரவுமென்று இந்த மாவட்டத்து விறகை எல்லை தாண்ட விடுவதில்லை. பூச்சித் துறை அதிகாரி வந்து, கட்டை கட்டையாகப் பார்த்து அபராதம் போட மத்தியானமாகிவிடுமாம்.

"விறகாம்டி!" வெர்லின் தலையில் அடித்துக்கொண்டான். "இனி டுவேன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நல்லெண்ணத்துல சொன்னது," என்றாள் லவோன்.

ஏழாம் எண் இடம் காலியாக இருந்தது. மத்தியானம் வெர்லின் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீரில் தக்கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டுவேன் வந்து சேர்ந்தான். ஏழாம் எண்ணைப் பார்த்தான். கழிப்பறைப் பக்கத்து மேட்டைப் பார்த்தான். பிறகு இவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"பாவம்," என்றான் வெர்லின். "தெருவையே மோப்பம் பிடிக்கிறவ நீ. விறகுக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சே!"

லவோன் கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவன் கையில் வைத்தாள்.

"தெரியாம என்ன? புயல்ல விழுந்த நம்ம மரத்தை வெட்டி எடுத்துக்கோ, ஏரிக்கரையில எரிக்க ஆகும்னு அவன்கிட்ட சொன்னதே நான்தானே!"